22 பேர் பெயர் கொடுத்தார்கள், 9 பேர் வந்தார்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில். அறிவியல் புனைவும் மாயாஜாலக் கதைகளும் படிக்கிற நாங்கள் ஒரு பதினைந்து பேர், இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை நண்பர் ஒருவரின் கடை மாடியில் கூடிப் பேசுகிறோம். இந்த வருடம் ரசிகர்களாகவே சேர்ந்து கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் கன்வென்ஷன் நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 200 பேர், இரண்டு அரங்கு, காஸ்பிளே போட்டி (கதாபாத்திரங்களைப் போல வேஷம் போட்டு வருவது), படம் திரையிடல், புத்தகக் கடைகள், மதியச் சாப்பாடு. ஆவணியில் ஒரு மண்டபம் பார்த்திருக்கிறோம். தன்னார்வலர்களாக 22 பேர் பெயர் கொடுத்தார்கள், போன ஞாயிறு கூட்டத்துக்கு வந்தது 9 பேர். வந்தவர்களும் 'சொல்லுங்க, செஞ்சிடலாம்' என்கிறார்களே தவிர யாரும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. எல்லாம் என் தலையில். இதற்கிடையில் நண்பர் ஒருவர் ஃபிளெக்ஸில் 'தலைவர்' என்று தன் படத்தைப் போட வேண்டும் என்கிறார். தன்னார்வலர்களிடமும் கட்டணம் வாங்குவதா வேண்டாமா என்று வேறு சண்டை. நடுகல்லும் பேய்க்கதையும் என்று ஓர் அமர்வு வைத்திருக்கிறோம். அதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் இதை ஆரம்பித்ததே. சம்பளம் கொடுக்காமல் ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி? அம்மா வேறு 'இந்த ஊரில் இதெல்லாம் எடுபடுமா' என்கிறார்.
வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். 1937 ஜனவரி 3ஆம் தேதி இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் அறிவியல் புனைவு ரசிகர்கள் கூடினார்கள். சென்னை அடையாற்றில் இருக்கிறதே பிரம்மஞான சபை, அதே சபைக்கு அந்த ஊரில் இருந்த மண்டபத்தில்தான். இந்த மாதிரிக் கூடுகைகளுக்கெல்லாம் ஆரம்பம் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள் (அதற்கு முந்தைய அக்டோபரிலேயே பிலடெல்பியாவில் நாங்கள் கூடிவிட்டோம் என்று அமெரிக்கர்கள் சண்டைக்கு வருவார்கள், அது அவர்கள் பஞ்சாயத்து). வந்தவர்கள் சுமார் இருபது பேர். அதில் ஒரு பையன், 19 வயது, பெயர் ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் உலகம் அறிந்த அறிவியல் புனைவு எழுத்தாளர். 1939 ஜூலையில் நியூயார்க்கில் 'உலக' மாநாடு என்று பெரிய பெயர் வைத்து நடத்தியபோதும் வந்தது 200 பேர் அளவில்தான். அந்த வருடம் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது, அதை ஒட்டி வைத்த பெயர் அது. இவ்வளவு ஏன், உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய வேலூரில் 1998இல் அறிவியல் புனைகதை ஆய்வுக்கென்றே இந்திய அளவில் ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அதனால் அம்மாவிடம் எடுபடும் என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவில் எடுபடாது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக தருமபுரியில் விழா ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கிறேன். கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, புத்தகக் கண்காட்சி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெங்களூரில் ரசிகர்களே நடத்திய சில சின்னக் கூடுகைகளில் காசு வாங்காமல் பேட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது 'வேலை வாங்குவது' என்கிற சொல்தான். என் தொழிலில் அது சரியான சொல். பணம் கொடுக்கிறேன், வேலை வாங்குகிறேன், சரியில்லையென்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டேன். உங்களுடையது வேறு கணக்கு. டோக்கியோவில் காமிக்கெட் என்று ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த இதழ்களை விற்கும் சந்தை ஒன்று உண்டு, 1975 டிசம்பரில் 32 குழுக்களும் ஒரு 700 பேரும் சேர்ந்து தொடங்கியது, இன்றைக்கும் தன்னார்வலர்கள் நடத்துவது. அங்கே விற்கிறவர், வாங்குகிறவர், வரிசையை ஒழுங்கு செய்கிறவர் எல்லோருக்கும் ஒரே பெயர், 'கலந்துகொள்பவர்'. வாடிக்கையாளர் என்று ஒருவரும் கிடையாது. முன்பு சொன்ன 'உலக' மாநாட்டை இப்போது வேர்ல்ட்கான் என்கிறார்கள், அதிலும் அப்படித்தான், டிக்கெட் வாங்குவதில்லை, உறுப்பினராகச் சேர்கிறார்கள். மாநாட்டை நடத்துகிற குழுவினரும் காசு கட்டித்தான் உறுப்பினராகிறார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? பந்தியில் பரிமாறுகிற பங்காளியும் கடைசிப் பந்தியில் உட்காருகிறான். உட்காரும்போது பாயசம் இருந்தால் அடுத்த வீட்டு விசேஷத்துக்கும் வாளியைத் தூக்க வருவான். காலி அண்டாவைக் காட்டினால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டான், அடுத்த தடவை அவனுக்கு அன்றைக்குப் பார்த்து வேறு வேலை வந்துவிடும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு புத்தக நிகழ்ச்சி. கல்லூரி படிக்கிற பெண் ஒருத்தி, தன்னார்வலர், காலை ஏழரைக்கே வந்துவிட்டாள். பதிவு மேஜையில் உட்காரவைத்தேன். நன்றாகச் செய்தாள், நன்றாகச் செய்கிறவரை மாற்ற நமக்கு மனசு வராதே, அப்படியே விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அவளுக்குப் பிடித்த எழுத்தாளர் உள்ளே பேசினார். அவருக்காகத்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. மேஜைக்கும் அரங்குக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. உள்ளே எல்லோரும் சிரிக்கும்போதெல்லாம் இவள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மேஜையில் கூட இருந்த பையன் பிறகு சொன்னான். இரண்டு மணிக்கு நான் சாப்பிடக் கூப்பிட்டபோது 'பரவாயில்லை மேடம்' என்றாள். அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன், தேர்வு இருக்கிறது என்றாள். அதற்கடுத்ததற்கும் தேர்வு இருந்தது.

அதற்குப் பிறகு யாரைச் சேர்த்துக்கொண்டாலும் 'உங்களுக்கு எது வசதி' என்று நான் ஆரம்பிப்பதில்லை. 'அன்றைக்கு எந்த ஒரு மணி நேரம் நீங்கள் உள்ளே உட்கார்ந்தே ஆக வேண்டும்' என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஒரு மணி நேரத்தை முதலில் பூட்டிவிட்டு மிச்சத்தில்தான் வேலை போடுவேன். 'சொல்லுங்க செஞ்சிடலாம்' என்கிற உங்கள் ஒன்பது பேரிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் திட்டத்தை ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பதிவு மேஜைக்கு 2 பேர், இரண்டு அரங்குக்கும் தலா 2 பேர் (ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் மைக்கும் கதவும்), புத்தகக் கடைப் பக்கம் 1, சாப்பாடு டீ 2, புகாரும் முதலுதவியும் 1, ஓடியாட 1. இந்த ஓடியாடுகிறவரை மேலை நாட்டுக் கூடுகைகளில் 'கோஃபர்' என்பார்கள், போய் எடுத்து வா என்பதிலிருந்து வந்த பெயர். நம் ஊரில் எடுபிடி. மொத்தம் 11 இடம். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை 8 மணி நேரம் என்றால் 88 ஆள்-மணி. ஓர் ஆள் நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் முகம் மாறும், வருகிறவர்களிடம் எரிந்து விழுவார். அப்படியானால் 22 பேர் தேவை. உங்களிடம் சரியாக 22 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஆனால் கூட்டத்துக்கு வந்தது 9 பேர். அந்த 9 பேரை நம்புங்கள். 36 மணி நேரம். எட்டால் வகுத்தால் நாள் முழுக்க நான்கு இடத்தில் ஆள் நிறுத்தலாம், நான்கு மணி நேரம் மிஞ்சும், அது காலைப் பதிவு நெரிசலுக்கு.

நான்கு இடம் என்றால் என்ன நடத்த முடியும்? ஓர் அரங்கு, ஒரு நாள், 80 பேர். பதிவுக்கு ஒருவர், அரங்கில் இருவர், எடுபிடியும் புகாருமாக ஒருவர். பதினொன்றரைக்கு மேல் பதிவில் கூட்டம் இருக்காது, மேஜைக்காரரைப் புத்தகப் பக்கம் நகர்த்தலாம். படம் திரையிடலை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கென்று சந்தா கட்டியதை மண்டபத்தில் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டக் கூடாது, உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்குப் பின்னால் அலைய உங்களிடம் ஆள் இல்லை. மிச்சம் 13 பேரில் அன்றைக்கு நாலைந்து பேர் வந்து நின்றால் லாபம். ஆனால் அவர்களை எண்ணிக்கொண்டு அட்டவணை போடாதீர்கள். ஒன்பது பேர் இருக்கும்போது இருபத்திரண்டு பேருக்கான விழாவை வைத்தால், நடுவில் இருக்கிற பதின்மூன்று பேர் வேலையையும் யார் செய்வார்? நீங்கள்தான், இப்போது செய்துகொண்டிருப்பது போல.

எல்லாவற்றுக்கும் தன்னார்வலர் தேட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல், மைக் செட், கழிவறை சுத்தம், இந்த மூன்றுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள். அவர்கள் உங்கள் ரசிகர்கள் இல்லை, அது அவர்கள் பிழைப்பு. அதேபோல காஸ்பிளே நிகழ்ச்சிக்குக் கூத்துக் கலைஞர் ஒருவரைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது (நம் இரண்டு மாவட்டத்திலும் பாரதக் கூத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறது. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி முகத்தில் அரிதாரம் ஏறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் உங்கள் பிள்ளைகள் தெர்மாகோலில் வெட்டுகிற கவசத்தையே வேறு மாதிரி வெட்டுவார்கள்), அவருக்கும் ஒரு ராத்திரிக் கூத்துக்கு என்ன வாங்குவாரோ அதைக் கேட்டு, பேசி, கொடுங்கள். 'உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வசனத்தை நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

வேலையைப் பிரிக்கும் விதம் பற்றி. 'யாராவது டீயைப் பார்த்துக்குங்க' என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பெயரைச் சொல்லி, பொருளைச் சொல்லி, பணத்தைச் சொல்லி, அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். 'கவிதா, பதினொன்றுக்கும் மூன்றரைக்கும் டீ, தலா 90 பேருக்கு, இந்தத் தொகைக்குள், எந்தக் கடை என்பது உன் முடிவு.' அவர் இஞ்சி டீ சொல்லிவிட்டார், உங்களுக்கு ஏலக்காய்தான் பிடிக்கும் என்றாலும் குடித்துவிட்டுப் போங்கள். முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் வேலையை மட்டும் கொடுப்பதால்தான் உங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொன்று, இரண்டு மாதம் முன்னாலேயே ஆளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள், மண்டபத்தில் எத்தனை பிளக் பாயிண்ட் என்று எண்ணி வருவது மாதிரி. எண்ணி வந்தவர் அன்றைக்கும் வருவார். எண்ணாதவர் மேல் கோபப்பட வேண்டாம், பார்வையாளராக வரட்டும், அவரும் வேண்டியவர்தான்.

பதிவு மேஜையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது அங்கேதான். கல்யாணத்தில் மொய் எழுதுகிற மேஜையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: எழுதுகிறவர் பணத்தைத் தொட மாட்டார், பணம் வாங்குகிறவர் எழுத மாட்டார். காலையில் ஒரு மணி நேரத்துக்காவது அதே ஏற்பாடு வேண்டும். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடித்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள், முதலில் வருகிறவர் 'எம். செந்தில்' என்பார். எம்-இல் தேடுவதா செந்திலில் தேடுவதா? ஒரு செந்தில் எஸ்-இல் ஆரம்பிப்பார், இன்னொரு செந்தில் சி-யில் ஆரம்பிப்பார். அதற்குள் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். நான் கண்ட வழி, பட்டியலை கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தின் வரிசையில் அடித்துவிடுவது. 'கடைசி நாலு நம்பர் சொல்லுங்க' என்றால் யாருக்கும் குழப்பமில்லை, நொடியில் ஆள் கிடைப்பார். இரண்டு பிரதி காகிதத்தில் வையுங்கள், கைபேசியை மட்டும் நம்பினால் சரியாக ஒன்பதே முக்காலுக்கு சார்ஜ் தீரும். சில்லறைக்கு ஐம்பது ரூபாய்த் தாள்கள் முந்தைய நாளே. பேட்ஜில் பெயர் இரண்டடி தூரத்திலிருந்து படிக்கிற அளவு, இனிஷியல் சின்னதாக. கயிறு நீளமாகத் தொங்கினால் பேட்ஜ் வயிற்றில் கிடந்து புரண்டுகொண்டே இருக்கும், பெயரைப் படிக்க ஆட்கள் குனிந்து பார்ப்பது பெண்களுக்குச் சங்கடம். கயிற்றைக் குட்டையாக, கழுத்துக்குக் கிட்டே வருகிற மாதிரி கட்டுங்கள்.

தன்னார்வலர்களுக்கு டி-ஷர்ட் அடிக்க வேண்டாம், காசு வீண், அளவும் சரியாக வராது. தோளில் ஒரு துண்டு போட்டால் போதுமே என்று ஒருமுறை நினைத்தேன். எந்த நிறத்தை எடுத்தாலும் ஒரு கட்சியோ சங்கமோ வந்து நின்றது. பேட்ஜின் அடியில் ஒட்டுகிற ரிப்பன் போதும், மற்ற நாடுகளின் ரசிகர் கூடுகைகளிலும் அதுதான் வழக்கம்.

தேதி. ஆவணி வேண்டாம். முகூர்த்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு நீங்கள் கல்யாண வீட்டோடு போட்டி போட முடியாது, சமையல் மாஸ்டரும் கிடைக்க மாட்டார். ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும், ஆனால் அம்மன் கோயில் திருவிழாக்களால் மைக் செட் கிடைக்காது, பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய நாட்களில் பாதிப் பேர் ஒகேனக்கல் பஸ்ஸில் இருப்பார்கள். என் ஓட்டு புரட்டாசிக்கு. கல்யாணம் குறைவு, காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளும் வரலாம், எல்லாவற்றுக்கும் மேல் பிரியாணி ஏன் போடவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்; மூன்று வகைக் கலவை சாதம், தயிர் சாதம், அப்பளம், முடிந்தது. மகாளய அமாவாசை அன்று மட்டும் வைத்துவிடாதீர்கள். 80 பேருக்குக் கல்யாண மண்டபமே அதிகம், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஏதாவது சங்கக் கட்டடமோ பள்ளி அரங்கோ கேளுங்கள். உங்கள் ஊர் மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் கிடையாது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், பாவம், ஸ்டேஷன் எங்கே என்று தேடுவார்கள். ஆனால் பெங்களூர், சென்னை, சேலம் என்று எந்தப் பக்கமிருந்தும் பஸ் உண்டு, அது பெரிய வசதி. கிராமத்திலிருந்து வருகிற பெண்கள் கடைசி டவுன் பஸ்ஸை விடக் கூடாது, அதனால் ஐந்தரை என்றால் ஐந்தரைக்கு மைக்கை அணைத்துவிடுங்கள்.

அட்டை வாள், பிளாஸ்டிக் துப்பாக்கி எல்லாம் அரங்குக்குள் மட்டும்தான் என்பது விதி. உலோகம் கூடவே கூடாது. வேஷத்தை உள்ளே வந்து போட்டுக்கொள்ள ஓர் அறை, ஒரு கண்ணாடி, ஆண் பெண் தனித்தனியாக. கையில் கோடாலியோடு பஸ் நிலையத்தில் இறங்கினால் நமக்குத்தான் அது கதாபாத்திரம், டீக்கடையில் நிற்கிறவருக்கு அது கோடாலி. உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்து, மைக்குக்கும் அனுமதி வாங்கி, வேஷப் போட்டி இருக்கிறது என்றும் எழுதிவிடுங்கள்.

புகார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். வேஷம் போட்டு நிற்கிற பெண்ணைக் கேட்காமல் படம் எடுப்பது, தோளில் கை போடுவது, இவை நடக்கும், நம் ஊர் மட்டும் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். என்ன கூடாது என்பதைப் பத்து வரியில் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். புகார் கேட்க இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், இருவர் எண்ணும் பேட்ஜின் பின்பக்கத்தில். புகார் வந்தால் கேட்டு, எழுதிக்கொண்டு, சம்பந்தப்பட்டவரை அந்த இடத்திலிருந்து விலக்கி, தேவைப்பட்டால் வெளியே அனுப்பிவிட வேண்டும். நம் ஆட்களுக்கு உடனே 'பேசி முடிச்சுக்கலாம், அவன் நல்ல பையன்தான்' என்று வரும். அந்தப் பேச்சை எடுப்பவரை அந்த வேலையில் வைக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பெற்றோர் ஒப்புதல் கடிதம் இல்லாமல் சேர்க்காதீர்கள். அவர்கள் விஷயத்தில் ஏதாவது நடந்தால் உள்ளுக்குள் விசாரிக்கிற பேச்சே இல்லை, காவல் நிலையமும் குழந்தைகள் உதவி எண் 1098-உம்தான்.

உங்கள் 'தலைவர்' நண்பருக்கு வருகிறேன். இந்தச் சண்டையும் பழசுதான். 1939 நியூயார்க் மாநாட்டிலேயே, கலாட்டா செய்வார்கள் என்று சொல்லி ஆறு ரசிகர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்த பையன்கள், அந்தக் கதையை இன்றுவரை பேசுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். ஃபிளெக்ஸே போடாதீர்கள், யார் படம் பெரிது என்கிற கேள்வியும் சேர்ந்து போய்விடும். சார்ட் பேப்பரில் அம்புக்குறி போதும். அவரிடம் தனியாக உட்கார்ந்து, 'தலைவர் என்றால் அன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மண்டபத்தைப் பெருக்கிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறவர், எடுத்துக்கொள்கிறீர்களா' என்று கேளுங்கள். சரி என்றால் நிஜமாகவே தலைவர் பதவியைக் கொடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கட்டணச் சண்டை. என் கட்சி, எல்லோரும் கட்ட வேண்டும், நீங்கள் உட்பட. வேர்ல்ட்கானில் தன்னார்வலர்கள் கட்டிய பணத்தை, மாநாடு முடிந்து கணக்குப் பார்த்து மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதையே வையுங்கள். 250 ரூபாய் என்றால் 80 பேருக்கு 20,000, அதில் பாதிக்கு மேல் இடத்துக்கே போகிறது என்றால் இடத்தை மாற்றுங்கள். மாணவர்கள், அந்த மாதம் கை கடிக்கிறவர்கள், இவர்களுக்கு மட்டும் காதும் காதும் வைத்த மாதிரி விலக்கு. பணம் ஒருவர் சொந்தக் கணக்கில் சேரக் கூடாது, இரண்டு பேர் கூட்டாக ஒரு கணக்கு. சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று அடுத்த வருடம் யோசிக்கலாம், அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். முதல் வருடத்துக்கு ஊர்த் திருவிழா முறையே போதும்: ஒரு வாரத்துக்குள் எல்லோரையும் கடை மாடியில் உட்காரவைத்து வரவு செலவை வாசித்துவிடுங்கள், ஐந்து ரூபாய் டேப் வரைக்கும்.

அன்றைய நாளில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டி, எடுபிடி மேஜையில். என்ன நடந்தாலும் மணி போட்டு ஒரு வரி. '10.20 மைக் கரகர.' '11.05 டீ 15 குறைவு.' '3.10 பாதி அரங்கு தூக்கம்.' மூன்று மணித் தூக்கம் நிச்சயம் வரும், தயிர் சாதத்துக்குப் பிறகு அது இயற்கை. அந்த நேரத்தில் நீளமான உரையை வைக்காமல் காஸ்பிளேயை வையுங்கள். அடுத்த வருடத் திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் வரும். அப்புறம், பெரிய கூடுகைகளில் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் ஒரு விதி உண்டு, ஐந்து-இரண்டு-ஒன்று: ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது தூக்கம், இரண்டு வேளையாவது சாப்பாடு, ஒரு குளியல். சிரிக்காதீர்கள், மூன்றாவதை மறக்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நீங்கள் மறக்கப்போவது இரண்டாவதை.

கடைசியாக ஒன்று. அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த உரிமையில் கேட்கிறேன். நடுகல் அமர்வுக்காகத்தான் இதை ஆரம்பித்தேன் என்றீர்கள். அது பதினொன்றரைக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் மண்டபச் சாவிக்கொத்தும், கேட்டரிங்காரர் எண்ணும், அந்த நோட்டும் யார் கையில்? பட்டியலில் முதலில் அந்தப் பெயரை எழுதுங்கள், பெயர் இல்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். எழுதிவிட்டால், தருமபுரிப் பக்கம் வரும்போது பட்டியலை எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். ஆலோசனைக்குக் காசு இல்லை. புரட்டாசியில் எனக்கும் வேலை கம்மி, முன்வரிசை வேண்டாம், 250 ரூபாய் கட்டிவிடுகிறேன்.